மூன்றாம் நாள் ஏறி வரும் கறை

உங்கள் மேசையின் வலது ஓரத்தில் இருக்கிற அந்த வெள்ளை வளையம் சூடான டம்ளர் வைத்ததால் வந்தது, மேடம். பலரும் அது போகவே போகாது என்று நினைத்து மேலே எதையாவது வைத்து மறைத்துவிடுவார்கள். நீங்கள் ஃபைலை வைத்திருக்கிறீர்கள். மரம் கெடவில்லை. பாலிஷுக்குள் கொஞ்சம் ஈரம் மாட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பருத்தித் துணியை மடித்துப் போட்டு, இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியை இரண்டு நொடி வைத்து எடுத்தால் வந்த வழியே போய்விடும். கால்மணி நேர வேலை.

நேற்று உங்கள் போன் வந்தபோது அப்படி ஏதோ ஒரு வேலை என்றுதான் நினைத்தேன். வேறு எதற்கும் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. காவல் நிலையம் என்று நீங்கள் சொன்னது காதில் விழத்தான் செய்தது. காவல் நிலையத்திலும் சோபா இருக்கும் அல்லவா? மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டேன். கீழே உங்கள் ஆள் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

லேப் அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலில் தொழிலைக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

இருபத்தாறு வருஷமாகக் கறை எடுக்கிறேன். சோபா, கம்பளம், மெத்தை, நாற்காலி உறை. காபி, டீ, பழரசம், விருந்துக்கு மறுநாள் வைன். எனக்கு ஆத்திரம் வருவது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். கொட்டினவுடனே ஜனங்கள் பழைய பனியனை எடுத்து வெறி பிடித்த மாதிரி தேய்ப்பார்கள். தேய்த்தால் கறை நூலுக்குள் இறங்கும், அகலமாகும். ஒற்ற வேண்டும். துணியை வை, அமுக்கு, எடு. பால் கலந்ததென்றால் பச்சைத் தண்ணீர், வெந்நீர் கூடவே கூடாது. இதை எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன். தலையைத் தலையை ஆட்டுவார்கள், அடுத்த தடவையும் தேய்த்து வைத்திருப்பார்கள்.

இன்னொன்று. கம்பளத்துக்கு அடியில் பஞ்சு மாதிரி ஒரு விரிப்பு இருக்கும். மேலே தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டால் கறை கரைந்து அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பார்க்கச் சுத்தமாக இருக்கும், வீட்டுக்காரர் கைகூப்பி அனுப்பிவைப்பார். ஈரம் காயக் காய அது நூல் வழியாக மேலே வரும். இரண்டாம் நாள் நிழலாட்டம், மூன்றாம் நாள் அச்சு அசலாக அதே கறை. எங்கள் ஆட்கள் இதை 'ஏறி வருது' என்பார்கள். ஏறி வராமல் இருக்க, உலர்ந்த துண்டுகளைப் போட்டு அதன்மேல் கனமாக ஏதாவது வைத்து, மிச்ச ஈரத்தை உறிஞ்ச விட வேண்டும். கற்றுக்குட்டிகள்தான் இதில் கோட்டை விடுவார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு, மேடம். வேலை சுத்தமாக இருந்தால் உங்களை மறுபடி கூப்பிட மாட்டார்கள். நான் நல்ல வேலைக்காரன். அதனால் என்னை எல்லோரும் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார்கள்.

எனக்குக் கல்யாணம் ஆகி மனைவி நாலு வருஷம் கூட இருந்தாள். போகும்போது சண்டைகூடப் போடவில்லை. "உங்ககூட இருந்தா வீட்ல யாருமே இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு அது புரியவில்லை. நான் வீட்டில்தான் இருந்தேன். அதன்பிறகு பன்னிரண்டு வருஷமாக ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் சாயங்காலம் போனை எடுத்துப் பேசும்போதுதான் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது தெரியும். குரல் வராது, செருமிக்கொள்ள வேண்டியிருக்கும்.

லேப் அம்மா வீடு இரண்டாம் மாடி. குடியிருப்பில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். வயது எழுபத்தொன்று. கணவர் இல்லை. ஒரே மகள், ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். என்னை முதலில் கூப்பிட்டது அந்த மகள்தான். கம்பளத்தில் காபியைக் கொட்டியதும் அவள்தான்.

நான் போனபோது இருவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் பழையது. வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்கு வா என்று மகள், மாட்டேன் என்று அம்மா. அந்த வாக்குவாதத்தில் மகள் கையை வீச, கோப்பை பறந்திருக்கிறது.

"பாருங்க தம்பி," என்றார் லேப் அம்மா என்னிடம், நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கொட்டினது அவ. இல்லத்துக்குப் போக வேண்டியது நானாம்."

மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். "முப்பத்திரண்டு வருஷம். ஒரு சொட்டு சிந்தினதில்ல. இந்தக் கை ஆடுற அன்னிக்குச் சொல்லு, நானே பெட்டியைக் கட்டறேன்."

அந்தக் கைகளை நான் நன்றாகப் பார்த்தேன். ஒல்லியான, நரம்போடிய கைகள். அசையவே இல்லை.

வேலை முடிந்ததும் எனக்குக் காபி கொடுத்தார். வாசலில் நிற்கவைத்து அல்ல. சோபாவில் உட்காரச் சொல்லி, அவர் குடிக்கிற அதே மாதிரி பீங்கான் கோப்பையில் கொடுத்தார். எனக்குக் கறைக்காரர் என்று பெயர் வைத்தார். டீக்கும் காபிக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறேன் என்று கேட்டார். ரத்தக் கறைக்கும் பச்சைத் தண்ணீர்தான் என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னோம். முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன், மேடம். நான். பேச்சு சுவாரஸ்யத்தில் துண்டு போட்டு கனம் வைக்க மறந்துவிட்டேன். சத்தியமாக மறந்துதான் போனேன். அந்த முதல் தடவை மட்டும் அது தவறு.

மூன்றாம் நாள் போன் வந்தது. "கறைக்காரரே, உங்க ஆளு திரும்பி வந்துட்டாரு."

படியில் இரண்டிரண்டாக ஏறினேன். மறுபடி எடுத்தேன், மறுபடி காபி, மறுபடி பேச்சு. கிளம்பும்போது துண்டுகள் என் கையில்தான் இருந்தன. அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அப்படி நாலு தடவை ஏறி வந்தது. அதற்குமேல் வராது. அடியில் இருப்பதெல்லாம் தீர்ந்துபோகும். ஐந்தாவது தடவை போனபோது எனக்கே தெரிந்தது, இத்துடன் முடிந்தது என்று. அவர் சமையலறையில் இருந்தார். பாத்திரச் சத்தம் கேட்டது. என் பையில் எப்போதும் ஒரு பிளாஸ்க் காபி இருக்கும். அதன் மூடியில் கொஞ்சம் ஊற்றி, சோபாவின் இடது காலருகில் சாய்த்தேன். துண்டால் இரண்டு ஒற்று ஒற்றினேன். நேற்றுக் கொட்டியதைப் போலக் காட்டுவது எனக்குப் பெரிய வித்தை இல்லை.

அவர் வந்ததும், "இங்க ஒண்ணு புதுசா இருக்கே அம்மா" என்றேன்.

குனிந்து பார்த்தார். "நானா?"

"வேற யாரும்மா இருக்காங்க?"

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"வயசானா சகஜம்தானே. விடுங்க, நான் எடுத்துடறேன்."

இதில் நான் மிரட்டவில்லை, திட்டவில்லை. ஆறுதலாகத்தான் பேசினேன். அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த ஐந்து மாதத்தில் பதினொரு கறை. சோபாக் கைப்பிடியில் டீ, நாற்காலி உறையில் பழரசம், கட்டிலுக்கடியில் கம்பளத்தில் காபி. ஒவ்வொன்றையும் அரைகுறையாக எடுப்பேன். அது ஏறி வரும், அவர் கூப்பிடுவார். கோபமாகக் கூப்பிட மாட்டார். முதலில் வேடிக்கையாகப் பேசியவர், பிறகு தயங்கித் தயங்கிப் பேசினார். "தொந்தரவு தர்றேன் தம்பி" என்பார். எனக்கு அது எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். சொல்லிவிடுகிறேன், இனித்தது.

கோப்பையில் பாதிதான் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தார். பிறகு இரண்டு கைகளாலும் பிடித்தார். பிறகு, மேடம், அந்தக் கை உண்மையிலேயே ஆட ஆரம்பித்தது. அது நான் செய்ததல்ல என்று அப்போது நினைத்தேன். ஒரு நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கினார். உங்கள் ஃபைலுக்குள் இருக்கிற நீல நோட்டு அதுதான். எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எங்கே உட்கார்ந்து குடித்தார், கோப்பையை எங்கே கழுவி வைத்தார், எல்லாம் இருக்கும். லேப் புத்தி.

மகளிடமிருந்து எனக்குப் போன் வரத் தொடங்கியது. "அம்மா எப்படி இருக்காங்க? உண்மையைச் சொல்லுங்க அண்ணா" என்பாள். அடிக்கடி சிந்துது, ஆனா கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன் என்பேன். "நீங்க ஒருத்தர் பக்கத்தில இருக்கறதுதான் தைரியம்" என்பாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு குடும்பத்தில் என்னை அண்ணா என்கிறார்கள். வாயில் வந்த வார்த்தைதான் என்று தெரியும். ஆனாலும் மனசுக்கு நன்றாக இருந்தது.

மகள் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். கேட்ட கேள்விக்கெல்லாம் டாணென்று பதில் சொன்னாராம். கடைசியில் டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருக்கிறார், அதை வாங்கும்போது மடியெல்லாம் நனைந்துவிட்டதாம். இல்லத்தில் ஓர் அறைக்குச் சொல்லி வைத்துவிட்டதாக மகள் சொன்னாள். அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு மாதம் டயம் கேட்கிறார் என்றாள்.

அந்த மாதத்தில்தான் அது நடந்தது.

கட்டிலடிக் கறை ஏறி வந்திருக்கிறது என்று, இந்தத் தடவை பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கூப்பிட்டார். போனேன். அவர் சமையலறைக்குப் போனதும் வழக்கம்போல மூடியில் ஊற்றி, ஜன்னலோர நாற்காலிக்குக் கீழே சாய்த்தேன். அவர் தட்டோடு வந்தபோது, "இங்கயும் காபி கொட்டியிருக்கும்மா" என்றேன்.

தட்டில் இரண்டு டம்ளர் தண்ணீர் இருந்தது.

"இன்னிக்குத் தண்ணிதான் தம்பி, உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். "பதினோரு நாளா இந்த வீட்ல காபித்தூள் கிடையாது. டீத்தூள் கிடையாது. பால்கூட வாங்கல. லேப்ல ஒரு ரிசல்ட் மேல சந்தேகம் வந்தா ஒரே ஒரு பொருளை நிறுத்திப் பார்ப்போம். நான் காபியை நிறுத்திப் பார்த்தேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம், மேடம். பரீட்சையில் பாஸானவர் மாதிரி இருந்தார். இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார்.

"பாருங்க, ஆடுதா? ஆடல. என் கை நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

ஆடவில்லை.

ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "ஏன் செஞ்சீங்கன்னு கேக்கப் போறதில்ல. யோசிச்சுப் பார்த்தேன், எனக்கே தெரிஞ்சுது. வரணும்னா சும்மா வாங்க தம்பி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாங்க. மெஷின் வேண்டாம். காபித்தூள் வாங்கி வைக்கறேன். எனக்கும் பேச யாரு இருக்கா?"

சும்மா வாங்க. இதைச் சொன்னதுதான் அவர் செய்த பிழை என்று பல நாள் நினைத்திருக்கிறேன். மெஷின் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் போய் நான் கையை எங்கே வைத்துக்கொள்வது? எதைப் பார்ப்பது? கறை இருந்தால் நான் தேவைப்படுகிற ஆள். சும்மா போனால் பாவம் பார்த்து உட்காரவைத்த ஆள். எனக்குச் சுருக்கென்றது. பிச்சை போட்டது போல் இருந்தது.

"நீங்க மறந்திருப்பீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். மாடிப்படியில் நின்று மகளுக்குப் போன் செய்தேன்.

"சொல்லவே சங்கடமா இருக்கும்மா. காபி குடிச்சதையே மறந்துட்டு, வீட்ல தூளே இல்லன்னு சாதிக்கறாங்க. இப்ப நான்தான் ஊத்தினேன்னு சொல்றாங்க."

அவள் அந்தப் பக்கம் அழுதாள். நானும் கொஞ்சம் கலங்கித்தான் போனேன்.

இதுவரை சொன்னதில் பாதி அந்த நோட்டில் இருக்கும். இனிமேல் சொல்வது அதில் இல்லை. நீங்களாகக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இரண்டாம் நாள் மகள் வந்தாள். எதற்கும் நீங்களும் இருங்கள் அண்ணா என்று என்னையும் வரச் சொன்னாள். வழியில் ஒரு கடையில் காபித்தூள் பாக்கெட் வாங்கினேன். ஓரத்தைக் கத்தரித்து, பாதித் தூளைச் சாக்கடையில் கொட்டினேன். அம்மாவும் மகளும் கூடத்தில் நோட்டை வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் பிடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய், அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் அந்தப் பாக்கெட்டை வைத்தேன். வாயை ரப்பர் பேண்ட் போட்டு மூடியும் வைத்தேன். அவர் அப்படித்தான் மூடுவார்.

"வேணும்னா நீயே போய்த் தேடிப் பாரு" என்று லேப் அம்மா மகளிடம் சொன்னார். குரலில் அவ்வளவு தைரியம். மகள் போனாள். திரும்பி வரும்போது பாக்கெட் அவள் கையில் இருந்தது.

"அம்மா. இது என்னம்மா?"

லேப் அம்மா அதை வாங்கி, ரப்பர் பேண்டைத் தொட்டுப் பார்த்தார். முகர்ந்தார். என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அதற்குப் பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தன் கைகளைத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டினார்.

இல்லத்தில் ஏழு வாரம் இருந்தார். சுத்தமான இடம். தரையெல்லாம் டைல்ஸ், கம்பளம் கிடையாது. நான் ஞாயிறுதோறும் போனேன். மகளைவிட அதிகமாக நான்தான் போயிருக்கிறேன், வருகைப் பதிவில் பாருங்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து அவர் எதுவும் குடிக்க மறுத்தார். சாதத்தைக் கெட்டியாகப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிடுவார், தண்ணீர் டம்ளரைக் கண்டால் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். நர்ஸ் ஊட்டிவிடப் போனால் வாயை இறுக மூடிக்கொள்வார். சிந்திடும், சிந்திடும் என்பாராம். இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை சிறுநீரகம் போய்விட்டது. சான்றிதழில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். மகள் நோட்டை உங்களிடம் கொண்டுவந்ததில் எனக்கு வருத்தமில்லை. அவள் தாயைப் பறிகொடுத்தவள். நானும்தான்.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. கடைசி ஞாயிற்றுக்கிழமை.

நர்ஸ் என்னிடம் ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் கொடுத்து, "நீங்க கொடுத்தா குடிப்பாங்களோ என்னமோ, கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அறையில் நாங்கள் இருவர் மட்டும். உதடு வெடித்துப் போயிருந்தது. டம்ளரை அவர் பக்கம் நீட்டினேன். ஆச்சரியம், போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. டம்ளரைத் தொட்டது. ஆனால் வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அந்தத் தூளை நானே வாங்கி வெச்சு மறந்துட்டேனா? நான்தான் சிந்தினேனா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் குடித்திருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் கை டம்ளரில்தான் இருந்தது, தாகத்தில் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் யாராகப் போவது?

பையிலிருந்து சுத்தமான துண்டு ஒன்றை எடுத்து, மடித்து, அவர் மடியில் விரித்தேன்.

"சிந்தினா என்னம்மா, துடைக்க நான் இருக்கேன்ல?"

கை போர்வைக்குள் போய்விட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு அவர் வாயில் படவில்லை என்று நர்ஸ் சொன்னார்.

நான் அன்பாகத்தான் சொன்னேன், மேடம். அவருக்கு அப்படிச் சொல்ல என்னைவிட்டால் வேறு யார் இருந்தார்கள்?